டிராக்டரில் ஒருவர், மோட்டார் ரூமில் ஒருவர்

செப்டம்பர் 28, ஞாயிறு

மல்ச்சர் வந்து இறங்கிவிட்டது. மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பின்னால் தகராறு வரக்கூடிய எதையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுவது என் வழக்கம். ஆகவே விவரம்.

எங்கள் தென்னந்தோப்பை இத்தனை வருடமாகக் குத்தகைக்குப் பார்த்தவர் ஆறுச்சாமி. ஆடியோடு கெடு முடிந்தது. தோப்பை மறுபடி அவருக்கே விட்டுவிட்டு, நானும் மனைவி சுலோச்சனாவும் கோயம்புத்தூரில் தன் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது மகள் சுகந்தியின் கட்சி. போன வருடம் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து இதே பேச்சு. சுலோச்சனாதான், "ஒரு மழைக்காலம் நாங்களே பாக்கறோம் கண்ணு. ஆகலேன்னா வந்தர்றோம்" என்று கேட்டு வாங்கினாள்.

சுகந்தி இரண்டு நிபந்தனை போட்டாள். கார்த்திகை பிறக்கிற வரைக்கும் தோப்பில் களை மண்டக் கூடாது. அப்பா டிராக்டரில் ஏறக் கூடாது. ஒன்று தவறினாலும் தோப்பு ஆறுச்சாமிக்கு, நாங்கள் கீழ்த்தளத்துக்கு.

களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. அதனால்தான் பழைய டிராக்டர் ஒன்றும் இந்த மல்ச்சரும் வாங்கினோம். டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் உள்ளே ஓர் உருளை சுழலும். உருளை முழுக்கத் தொங்கும் சுத்தியல் பிளேடுகள் புல், பூண்டு, விழுந்து கிடக்கிற மட்டை எல்லாவற்றையும் அடித்துத் தூளாக்கி அங்கேயே பரப்பிவிடும்.

இரவு சுகந்தி போனில் கேட்டாள். "டிரைவர் வெச்சாச்சாப்பா?"

"வெச்சாச்சு கண்ணு."

வைக்கவில்லை. பேசி வைத்திருந்தவர் பாலக்காட்டுப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். இதையெல்லாம் மகளிடம் நீட்டி முழக்க வேண்டியதில்லை. டிராக்டர் ஓட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மெக்கானிக் வந்து பாதி மாட்டிவிட்டு, இன்னொரு ஊரில் வேலை என்று கிளம்பிவிட்டார். மீதியை நானே கையேட்டைப் பார்த்துச் செய்தேன். டிராக்டரின் சுழற்சியை மல்ச்சருக்குக் கொண்டுபோவது ஷாஃப்ட் என்னும் இரும்புத் தண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு குழாய் அது. நீளம் அதிகமென்றால் அறுத்துக்கொள்ள வேண்டும். டேப் வைத்து அளந்தேன், சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன், ரம்பத்தை எடுத்தேன்.

சுலோச்சனா கீரை பறிக்க வந்தவள் நின்றாள். "ஏனுங்க, மெசினு தரையில கெடக்கறப்ப அளந்தீங்களா, தூக்கியும் அளந்தீங்களா?"

"ஏன்?"

"சும்மா கேட்டனுங்க. தூக்கறப்ப ஒரு நீளம், எறக்கறப்ப ஒரு நீளம் வருமாட்டத் தெரியுது. நீங்க போட்ட கோட்டுல அறுத்தா, பள்ளத்துல எறங்கறப்ப ரெண்டு குழாயும் கழண்டுக்குமோ என்னமோ."

தூக்கி, இறக்கி, அளந்து பார்த்ததில் அளவில் சிறு திருத்தம் செய்யப்பட்டது. இது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். மழை வந்துவிட்டது.

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூஜை. டிராக்டர், மல்ச்சர் இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். செவ்வந்தி மாலையை ஷாஃப்ட்டுக்குச் சுற்றினேன். சுலோச்சனா அவிழ்த்து பானெட்டில் போட்டாள். "அது சுத்தறதுங்க" என்றாள்.

அக்டோபர் 3, வெள்ளி

நல்ல நேரத்தில் வெள்ளோட்டம். சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சை வைத்தோம். சாமி கும்பிட்டு ஏறினேன். கிளட்சிலிருந்து காலை எடுத்தேன். கையேட்டில் மெதுவாக எடுக்கச் சொல்லியிருப்பது உண்மை.

எலுமிச்சைகள் நசுங்கின. மோட்டார் ரூம் மூலையும் நசுங்கியது. அது பழைய கட்டடம். தவிரவும், நான் எதிர்பார்த்த இடத்தில் அது இல்லை.

"எறங்குங்க" என்றாள் சுலோச்சனா.

"ஒண்ணுமில்ல, இன்னொரு தடவ…"

"எறங்கி அந்தக் கட்டில்ல உக்காருங்க. மொகமெல்லாம் வேத்துப் போச்சு. தண்ணி குடிங்க."

குடித்துக்கொண்டிருக்கும்போதே சேலையைத் தூக்கிச் செருகினாள், ஏறினாள், ரிவர்ஸ் போட்டாள். மோட்டார் ரூமை விட்டு டிராக்டர் ஒரே இழுப்பில், வெண்ணெயில் கத்தி போல, பின்னால் வந்து நின்றது. கையிலிருந்த சொம்பைக் கீழே வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இது எப்ப?"

"எங்கப்பாகிட்ட டிராக்டர் இருந்துச்சுல்ல. பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் நாந்தான் கரும்பு இழுப்பேன்."

"கல்யாணத்துக்கு முன்னால உங்க வீட்ல யாருமே சொல்லலியே?"

"சொல்லுவாங்களா? பொண்ணு டிராக்டர் ஓட்டும்னு தெரிஞ்சா கவர்மெண்டு மாப்ள ஓடிப் போயிருவாருன்னு எங்கம்மா வாயவே தொறக்க வேண்டாம்னுட்டாங்க."

"அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"அதுக்கப்புறம் உங்ககிட்ட எங்கீங்க டிராக்டர் இருந்துச்சு? மொபெட்டுதான இருந்துச்சு. அதையே நீங்க குடுக்கல."

டிராக்டர் இயக்கும் பொறுப்பு மறுபரிசீலனை செய்யப்பட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

வடக்கு ஓரம் முடிந்தது. மெஷின் திருப்தியாக இயங்குகிறது.

முறை இதுதான். மல்ச்சரைத் தரையிலிருந்து தூக்கி வைத்தபடியே உருளையைச் சுழல விட்டு முழு வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மெல்ல இறக்க வேண்டும். சிறு கியரில் போக வேண்டும். வரிசை முடிவில் தூக்கித் திரும்ப வேண்டும். ஓடும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது, கல் தெறிக்கும்.

முன்னால் நடந்து கல், நெற்று, சொட்டுநீர்க் குழாய் எல்லாவற்றையும் அகற்றுவது என் பொறுப்பு. குழாய்களைச் சுருட்டி மரங்களில் மாட்டினேன். ஒரு வரிசை மட்டும் விட்டுப்போனது. மெஷினுக்குள் போன குழாய் குழாயாகத் திரும்பி வரவில்லை. சுலோச்சனா எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, உருளையில் சுற்றியதை அரிவாளால் அறுத்தறுத்து எடுத்தாள்.

"எண்ணிப் பாத்துட்டேன்னீங்களே?"

"எண்ணினேன்."

"எதைங்க?"

அக்டோபர் 7, செவ்வாய்

நாட்டுத்துரையின் டீக்கடைக்குப் போனேன். கோயில் கமிட்டி, ஊர் வாட்ஸப் குரூப், டீ, மூன்றும் ஊரில் அவர் கையில்தான். என்னைக் கண்டதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏனுங் மருதாசலண்ணா, நேத்து ரோட்டுல போறப்பப் பாத்தனுங்க. ஸ்டென்ட்டு வெச்ச ஆளாட்டமா இருக்கீங்க? வாய்க்கா ஓரத்துல ஒரு திருப்பு திருப்புனீங்க பாருங்க! நானும் ரெண்டு டிரைவர் வெச்சுப் பாத்துட்டேன், ஒருத்தனுக்கும் அந்தத் திருப்பு வராதுங்க!"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

இதில் ஒரு விளக்கம் தேவை. தூசிக்காகச் சுலோச்சனா, காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் போடுகிற மாதிரி, சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொள்கிறாள். அது என் பழைய காக்கிச் சட்டை. தலையில் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி. இடுப்புக்குக் கீழே பெரிய டயர் மறைத்துவிடும். ரோட்டிலிருந்து பார்த்தால் தவறாக நினைக்க இடம் உண்டு.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லை. டீயைக் குடித்தேன். நாட்டுத்துரை காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டில் சொன்னேன். சுலோச்சனா அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள். "செரி, அப்ப இனி நா ஓட்டறப்ப நீங்க வெளில நிக்காதீங்க. ரெண்டு மருதாசலத்தப் பாத்தா ஊரு பயந்துக்கும்."

அக்டோபர் 8, புதன்

மோட்டார் ரூமில் கொசு அதிகம்.

அக்டோபர் 11, சனி

விடிந்ததும் கல் பொறுக்கி முடித்துவிட்டு, டிராக்டர் கிளம்பியதும் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். செய்தித்தாள் கொண்டுபோகிறேன். ஏற்பாடு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

இன்று நாட்டுத்துரை தோப்புக்குள்ளேயே வந்துவிட்டார். "அண்ணோவ்!" என்று கூப்பிட்டார். டிராக்டர் மேலிருந்து ஒரு கை உயர்ந்தது. டிராக்டர் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது.

"உள்ள யாருங்க?"

மூக்கைப் பிடித்துக்கொண்டேன். "வயர்மேனுங்க. ஸ்டார்ட்டரு ரிப்பேரு."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என் நல்ல நேரம். குரல் பிடிபடவில்லை. ஓடுகிற மோட்டாருக்கு என்ன ரிப்பேர் என்று அவர் கேட்காதது அதைவிட நல்ல நேரம்.

"எங்க அண்ணன் ஓட்டறதப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. இந்த வயசுல யாருக்குங்க வரும்? கைன்னா அது கை. தங்கமான மனுசன் வேற."

"பின்னே!" என்று அவர் திருப்தியாகப் போய்விட்டார்.

கடைசி வாக்கியம் தேவையில்லாததுதான். பேச்சு ஓட்டத்தில் வந்துவிட்டது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சுகந்தி மாமியார் வீட்டிலிருந்து பேசினாள்.

"டிரைவர் ஒழுங்கா வர்றாராப்பா?"

"ரொம்ப ஒழுங்கு."

"குடிப்பாரா?"

"காப்பி மட்டும்."

பக்கத்தில் டிரைவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

அக்டோபர் 27, திங்கள்

தோப்பு முழுக்க முதல் சுற்று முடிந்து, மழைக்கு மறுபடி முளைத்ததற்கு இரண்டாம் சுற்றும் பாதி ஆகிவிட்டது. தரை மெத்தை மாதிரி இருக்கிறது.

வேலை முடிந்தபின் சுலோச்சனா மல்ச்சரைக் கழற்றிவிட்டு, வெறும் டிராக்டரில் வாய்க்கால் ஓரமாக ஒரு சுற்று போய்வந்தாள். என்ன வேலை என்று கேட்டேன்.

"வேலை ஒண்ணுமில்லீங்க."

டீசல் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள். "சுகந்தி வீட்டுக் கீழ ஒரு சன்னல் இருக்குதுல்ல? தொறந்தா பக்கத்து வீட்டுக்காரனோட பைக்கு. போன தடவ பத்து நாளு அந்த பைக்கையே பாத்துட்டு இருந்தேன்."

ரசம் நன்றாக இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

மாரியம்மன் கோயில் மைதானத்தில் புல் இடுப்பளவு நிற்கிறது. கார்த்திகைத் திருவிழாவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும். நாட்டுத்துரை கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். "நீங்க வந்து ஓட்டிக் குடுத்தாப் போதுமுங்ணா. அடுத்த ஞாயித்துக்கெழம ஊரே வந்து நிக்கும்."

சாமி காரியம். மறுக்க முடியாது என்று சுலோச்சனாவிடம் சொன்னேன்.

"அங்க மோட்டார் ரூம் இல்லீங்களே" என்றாள்.

நவம்பர் 12, புதன்

நாட்டுத்துரை ரோட்டிலிருந்து வீடியோ எடுத்திருக்கிறார். 'அறுபத்தி மூணு வயசுல எங்க ஊர்ச் சிங்கம்' என்று எழுதி ஊர்க் குரூப்பில் போட்டிருக்கிறார். அது சுற்றிச் சுற்றி மாப்பிள்ளை தினகரன் கைக்குப் போய்விட்டது.

காலையில் சுகந்தி. "டிரைவர்னு சொன்னீங்களேப்பா!"

"கண்ணு, அது நானில்ல."

"அந்தக் காக்கிச் சட்டை எனக்குத் தெரியாதா? நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட்ட வெச்சுட்டு அந்தக் குலுக்கல்ல… டாக்டர் என்ன சொன்னாரு? ஞாயித்துக்கெழம நாங்க வர்றோம். ஆறுச்சாமி மாமாவையும் வரச் சொல்லியாச்சு. அன்னைக்கே பேசி முடிச்சுட்டு உங்கள கையோட கூட்டிட்டு வந்துருவோம்."

விவரமாகச் சொல்ல வாயெடுத்தேன். சிக்னல் போய்விட்டது. சிக்னல் போனதற்கு நான் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் ஒரு காரணம்.

சுலோச்சனா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "நீங்க சொல்லலேன்னா நா சொல்ல மாட்டேன். ஊருக்குள்ள அது உங்க பேரு" என்றாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி வந்தாள். "ஆனா அந்த பைக்கப் பாத்துட்டு என்னால உக்காந்திருக்க முடியாதுங்க."

நவம்பர் 15, சனி

மழை. பிளேடு எல்லாம் பார்த்தாயிற்று. கிரீஸ் வைத்தாயிற்று.

மாலை சுலோச்சனா பரண்மேலிருந்த பெரிய பயணப் பெட்டியை இறக்கித் துடைத்து வெயில் இல்லாத வாசலில் காய வைத்தாள்.

நவம்பர் 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஊர் எழுவதற்கு முன்னாலேயே சுலோச்சனா டிராக்டரைக் கோயில் வேம்படியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கெல்லாம் கூட்டம். நாட்டுத்துரை எனக்கு மாலை வாங்கி வைத்திருந்தார். ஆறுச்சாமி வெள்ளை வேட்டியில், இரு தரப்புக்கும் பொதுவாகச் சிரித்துக்கொண்டு நின்றார். சுலோச்சனா பெண்கள் பக்கம் நல்ல சேலையில் நின்றாள். கார் வந்தது. சுகந்தி கதவைச் சாத்தாமலே இறங்கி வந்தாள்.

"அப்பா, அதுல கால் வெச்சீங்கன்னா இப்பவே இங்கியே ஆறுச்சாமி மாமாகிட்டப் பேசி முடிச்சுருவேன்."

"அம்மிணி, நீ பயந்துக்காத" என்றார் நாட்டுத்துரை. "அப்பா கை சாதாரணக் கை இல்ல."

நான் சுலோச்சனாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகும் உறவுக்காரரை பஸ் ஸ்டாண்டில் நின்று பார்ப்பது மாதிரி.

"ஓட்டினது நானில்லை" என்றேன்.

கூட்டமே சிரித்தது.

"பாத்தீங்களா, பெத்த புள்ளைக்குப் பயந்துட்டு!" என்றார் நாட்டுத்துரை.

"சத்தியமா நானில்ல. சுலோச்சனாதான் ஓட்டினா."

சிரிப்பு அதிகமாகியது. ஆறுச்சாமி என் தோளைத் தட்டினார். "மாமா, பொய் சொல்றதுன்னாலும் ஒரு அளவு வேணுமுங்க. அக்காவ எதுக்கு இழுக்கறீங்க?"

நாட்டுத்துரை கையைத் தூக்கிக் கூட்டத்தை அடக்கினார். "இருங்க, ஒரே கேள்வி. அண்ணா, மெசினத் தரையில எறக்கறதுக்கு முன்னால என்ன பண்ணோணும்?"

கேட்டதும் பதில் வாயில் வந்துவிட்டது. உருளையின் வேகம், கியர், பின்னுருளையின் உயரம், பெல்ட்டின் இறுக்கம், தூக்கும் உயரம் எல்லாம் சொன்னேன். கையேட்டை நான் அத்தனை முறை படித்திருக்கிறேன். மோட்டார் ரூமில் வேறு வேலை என்ன?

"கேட்டீங்களா? ஓட்டாத ஆளு இத்தனை சொல்லுமா?"

ஜனங்கள் கை தட்டினார்கள். சுகந்தியின் முகம் சிவந்து அழுகைக்கு வந்துவிட்டது. உண்மையைச் சொல்லி இவ்வளவு சிரமப்பட்டது என் உத்தியோகத்தில்கூட இல்லை.

"நாட்டுத்துரை" என்றேன். "எங்க மோட்டார் ரூம்ல ஒரு வயர்மேன் பேசினாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க. உங்களப் பத்தி ஒசத்தியாச் சொன்னாருங்க. தங்கமான மனுசன்னாரு."

"அது நாந்தான்."

அவர் வாய் திறந்தபடி நின்றது. என் மூக்கைப் பார்த்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டார்ட்டரு ரிப்பேருங்க" என்று அதே குரலில் சொல்லிக் காட்டினேன். வேறு வழியில்லை. ஊரே பார்த்தது, மாப்பிள்ளையும் பார்த்தார்.

"சுலோச்சனா, ஏறு" என்றேன்.

அவள் பையைச் சுகந்தியின் கையில் கொடுத்தாள். தலைப்பை இழுத்துச் செருகினாள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிக் கையசைத்தாள். ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பி, மல்ச்சரைத் தூக்கி, உருளை சத்தம் சீராகிற வரைக்கும் காத்திருந்து, பூப்போல இறக்கினாள். இடுப்பளவுப் புல் முன்னால் சாய்ந்து, பின்னால் பச்சைத் தூளாகப் படிந்தது. மதில் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளியில் வளைத்துத் திருப்பினாள். பெண்கள் பக்கம்தான் முதலில் ஒரு குலவைச் சத்தம் கேட்டது.

முதல் வரிசை முடித்து எங்கள் பக்கம் வந்து நிறுத்தினாள். நாட்டுத்துரை மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்கண்ணி, அந்த வாய்க்கா ஓரத் திருப்பு…"

"நாந்தானுங்க."

சுகந்திக்குக் கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ என்ன சொன்ன கண்ணு? களை மண்டக் கூடாதுன்ன. மண்டல, வேணும்னா போய்ப் பாரு. அப்பா ஏறக் கூடாதுன்ன. அந்த ஒரு நாளு மோட்டார் ரூம முட்டுனதோட சரி, அப்புறம் ஏறல. அம்மாவப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலியே."

சுகந்தி யோசித்தாள். அம்மாவுக்கு சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, ஸ்டென்ட் இல்லை. ஆட்சேபிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறுச்சாமி புரிந்துகொண்டு, "அப்பறம் பாக்கலாம் அம்மிணி" என்று கிளம்பினார். தினகரன், "அத்தை, நானும் ஒரு ரவுண்டு…" என்று ஆரம்பித்தார். சுகந்தி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க? நெஞ்சுல ஸ்டென்ட்டோட, கதவச் சாத்திட்டு, தனியா, மோட்டார் ரூம்ல? ஏதாவது ஆயிருந்தா டிராக்டர் சத்தத்துல அம்மாவுக்குக் கேட்டிருக்குமா?"

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை.

மைதானத்திலேயே புது நிபந்தனை போட்டாள். தோப்பு எங்களிடமே இருக்கலாம். அம்மா ஓட்டலாம். ஆனால் ஓட்டுகிற நேரம் முழுக்க அப்பா அம்மாவின் கண்ணில் பட வேண்டும்.

மாலை சுலோச்சனாவுக்குப் போடப்பட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

டீக்கடையில் நான் நுழைந்ததும் இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வணக்கம் சொன்னார்கள். டீக்குக் காசு வாங்கப்பட்டது.

இன்று தெற்கு ஓரம். ஓட்டியது சுலோச்சனா. நான் வரிசை முடிகிற இடத்தில், வண்டிக்கு எட்டத்தில், வெட்டவெளியில் நின்றேன். வெயில் பலம். அவள் திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் நான் நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக ஒரு கையைத் தூக்க வேண்டும். அவள் தலையசைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போவாள். இதுதான் ஏற்பாடு.

மதியத்துக்கு மேல் அவள் ஏதோ பாடிக்கொண்டு வந்தாள். கண் தரையில் கிடந்த மட்டையின் மேலேயே இருந்தது. கையைத் தூக்கினேன். பார்க்கவில்லை. இரண்டு கையையும் தூக்கினேன். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த சுற்றுக்கு அவள் வந்து சேருகிற வரைக்கும் இரண்டு கையையும் இறக்காமல் நின்றேன். ரோட்டில் பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.